நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு மனத்துணை: சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருப்பவர், ஊசி குத்திக்கொண்டிருக்கும் நர்ஸிடம் திடீரென்று சொல்கிறார்: "எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பாடு? எனக்கு அலுத்துப்போச்சு." நர்ஸுக்கு நெஞ்சு பதறுகிறது. "அப்படியெல்லாம் பேசக் கூடாது ஐயா, தைரியமா இருங்க, எல்லாம் சரியாகிடும்" என்கிறார். அவர் தலையாட்டுகிறார். அப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

அந்த நர்ஸ் அன்பானவர்தான். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாம் சரியாகாது என்பது நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியும். நர்ஸுக்கும் தெரியும். சரியாகாத ஒன்றோடு வாழ்பவருக்கு எப்படித் துணை நிற்பது என்பதுதான் இந்தப் பயிற்சியின் மொத்தப் பாடமும்.

இதை ஏன் நர்ஸுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும், உளவியலாளரிடம் அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர் பெரும்பாலும் வாரத்துக்கு 3 நாள், தடவைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் அந்த நர்ஸின் கண் முன்னால்தான் இருக்கிறார். உளவியலாளரை அவர் பார்ப்பதே அபூர்வம். உடல் நலமாக இருப்பவர்களைவிட நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அத்தனை பேருக்கும் நிபுணர் கிடைக்கப்போவதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்து மனச்சோர்வும் சேர்ந்துகொண்ட 214 பேர் கலந்துகொண்டார்கள். வாராவாரம் நிபுணர்களின் மேற்பார்வை கிடைத்த நர்ஸுகள் கவனித்துக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் மனச்சோர்வு குறைந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவையும் சேர்ந்தே கட்டுக்குள் வந்தன. "மேற்பார்வை கிடைத்த" என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கே திரும்பி வருவோம்.

படி 1: முதலில் எல்லைக்கோடு

பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள். பயிற்சி பெற்றவர் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார், தன்னால் முடியாதபோது யாரைக் கூப்பிடுவார் என்ற மூன்று மட்டும் அதில் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை: காது கொடுத்துக் கேட்பது, மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று முறையாக விசாரிப்பது, எளிய உத்திகள் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்து அடுத்தடுத்த சந்திப்புகளில் தொடர்வது, ஆபத்து தெரிந்தால் உடனே மேலே அனுப்புவது. செய்யக் கூடாதவை: தானாகவே ஒரு மனநோயின் பெயரைச் சூட்டுவது, மனநல மருந்துகளைக் கூட்டவோ நிறுத்தவோ சொல்வது, சிறுவயதில் பட்ட கொடுமை போன்ற பழைய காயங்களைக் கிளறிப் பார்ப்பது.

பின்னால் நிற்பதற்கு ஓர் உளவியலாளரோ மனநல மருத்துவரோ இல்லாவிட்டால் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். கடுமையாகத்தான் சொல்கிறேன். கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்துவிட்டால் மக்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்படிச் சொல்லப்பட்டதைத் தனியாகச் சுமக்கும்படி ஒரு பணியாளரை விடுவது அவருக்கும் நோயாளிக்கும் செய்யும் அநியாயம்.

படி 2: அவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருநாள்

பாடத்திட்டம் எழுதும் முன் ஒருநாள் அவர்களோடு வார்டிலோ வெளிநோயாளர் பிரிவிலோ நில்லுங்கள். ஒரு நோயாளிக்கு உண்மையில் எத்தனை நிமிடம் கிடைக்கிறது, பேசுவதற்கு மறைவான இடம் இருக்கிறதா, எந்த நேரத்தில் நோயாளி மனம் திறக்கிறார் என்று கவனியுங்கள். காலில் கட்டுப் போடும்போதும், ரத்தம் எடுக்கும்போதும், அறையை விட்டு வெளியேறக் கதவில் கை வைக்கும்போதும்தான் முக்கியமான வாக்கியங்கள் வரும். 50 நிமிடம் தனியறையில் உட்கார்ந்து பேசும் முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, 7 நிமிடம் மட்டுமே இருக்கும் இடத்துக்கு அவர்களை அனுப்பினால், நேரமில்லை என்று முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்த இரண்டு மூன்று பேரையும் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் நேரத்துக்கு உரிய ஊதியம் கொடுத்து. கடைசி நாளில் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது போதாது.

படி 3: நோய் ஓர் ஆயுளுக்குள் என்ன செய்கிறது

சுகாதாரப் பணியாளர்களுக்கு நோயைப் பற்றி நிறையத் தெரியும். நோயோடு வாழ்வதைப் பற்றித் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இந்தப் பகுதிக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள்.

1982இல் மைக்கேல் பரி என்ற சமூகவியலாளர் மூட்டுவாதம் வந்தவர்களோடு பேசி எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை வைத்தார்: நாள்பட்ட நோய் ஒருவருடைய வாழ்க்கைக் கதையையே நடுவில் முறித்துவிடுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் ஜூலியட் கார்பினும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் இதை இன்னும் விரித்துச் சொன்னார்கள். நோயோடு இருப்பவருக்கு மூன்று வேலைகள். மருந்து, பரிசோதனை, உணவு என்று நோயைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று. சம்பாதிப்பது, சமைப்பது, பிள்ளைகளைக் கவனிப்பது என்ற அன்றாட வேலை இன்னொன்று. மூன்றாவது, "இனி நான் யார்?" என்று தன்னையே மறுபடி கட்டி எழுப்பும் வேலை. மருத்துவமனை பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றி மட்டுமே கேட்கிறது. பயிற்சிக்கு வந்தவர்களிடம் தங்கள் நோயாளி ஒருவரை நினைத்துக்கொண்டு இந்த மூன்று தலைப்பிலும் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தி பலருக்கும் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தை அவர்களே பார்ப்பது எந்த விரிவுரையையும்விட மேல்.

ஹோவர்ட் லெவந்தால் என்ற உளவியலாளர் சொன்ன ஐந்து விஷயங்களையும் இங்கே சேர்த்துவிடலாம். ஒவ்வொரு நோயாளியும் தன் நோயைப் பற்றி மனத்துக்குள் ஐந்து பதில்களை வைத்திருக்கிறார்: இது என்ன, எதனால் வந்தது, எவ்வளவு காலம் இருக்கும், என்ன செய்துவிடும், என் கையில் ஏதாவது இருக்கிறதா. தலை வலித்தால்தான் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நம்புபவர், தலை வலிக்காத நாளில் மாத்திரை போட மாட்டார். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று திட்டுவதில் பயனில்லை. அவருடைய கணக்குப்படி அவர் சரியாகத்தான் நடக்கிறார். அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அறிவுரை சொன்னால் அது எங்கேயும் போய் ஒட்டாது.

துயரத்தின் ஐந்து நிலைகள் என்ற பாடத்தைப் பல பயிற்சிகளில் இன்னும் நடத்துகிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969இல் அதை முன்வைத்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிய அனுபவத்திலிருந்து. பல ஆண்டுகள் நீளும் நோய்க்கு அதை அப்படியே பொருத்தினால், "இவர் இன்னும் மறுப்பில் இருக்கிறார்" என்று முத்திரை குத்துவதில்தான் போய் முடிகிறது. நாள்பட்ட நோயில் துயரம் வரிசையாக வந்து கடந்து போவதில்லை. ஒவ்வொரு புது மருந்தோடும், ஒவ்வொரு புதுச் சிக்கலோடும், தன்னை ஒத்த வயதுக்காரர் மாடிப்படியில் ஓடி ஏறுவதைப் பார்க்கும்போதும் திரும்ப வருகிறது. இதைச் சொல்லிவிட்டு, அந்த அட்டவணையைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இதே பகுதியில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, நோயைப் பார்த்துக்கொள்வதிலேயே வரும் அலுப்பு வேறு, மனச்சோர்வு வேறு. சர்க்கரை நோயில் இதை அளக்க 1995இலேயே 20 கேள்விகள் கொண்ட தனிக் கேள்வித்தாள் வந்துவிட்டது. ஊசி, உணவுக் கணக்கு, "எவ்வளவு செய்தாலும் எண் குறைய மாட்டேங்குது" என்ற எரிச்சல் ஆகியவற்றில் துவண்டவருக்கு மனச்சோர்வு மாத்திரை பதில் ஆகாது. அவர் சுமையைக் குறைக்க வேண்டும், அல்லது பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, மனம் என்று நாம் நினைப்பது சில நேரம் உடல். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவை மனத்தை மாற்றும். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் அது அச்சுஅசலாகப் பதற்றம்போலவே இருக்கும். சர்க்கரை நோயாளி வியர்த்து நடுங்கினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், ஆறுதல் அப்புறம்.

ஒரு வீட்டுப்பாடம். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் மூன்று நாளைக்கு ஒரு கற்பனைச் சிகிச்சையைப் பின்பற்ற வேண்டும்: மாத்திரைக்குப் பதில் மிட்டாய், ஒரு நாளைக்கு 4 வேளை, அதில் 2 வேளை சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். ஒவ்வொன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். முழுதாகக் கடைப்பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்துகளை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார அமைப்பு 2003இல் சொன்னதை அந்த நோட்டுகள் மேசையில் இருக்கும்போது சொல்லுங்கள்.

படி 4: கேட்பது

மொத்தப் பயிற்சி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுப்பேன். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

1984இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கி சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று கண்டார்கள். பயிற்சியில் இதை அப்படியே செய்து பார்க்கலாம். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் 2 நிமிடம் பேச, மற்றவர் வாயே திறக்காமல் கேட்க வேண்டும். தலையாட்டலாம், அவ்வளவுதான். அந்த 2 நிமிடம் எவ்வளவு நீளம் என்று கேட்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்து, சுகாதாரப் பணியாளரின் கையில் ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும்: எதைப் பார்த்தாலும் உடனே சரிசெய்யத் துடிப்பது. மாற்றத்துக்கான காரணங்களை நோயாளியே சொல்லும்படி பேசும் ஊக்க உரையாடல் என்ற முறையை 1983இல் முன்வைத்த வில்லியம் மில்லரும், அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஸ்டீபன் ரோல்னிக்கும் இந்தத் துடிப்பைத்தான் முதலில் அடக்கச் சொல்கிறார்கள். காயத்துக்கு அது நல்ல குணம். "எனக்கு அலுத்துப்போச்சு" என்ற வாக்கியத்துக்கு அது கதவைச் சாத்துகிற குணம்.

அந்தத் துடிப்பு எந்த உருவங்களில் வரும் என்று காட்டுங்கள். ஆறுதல்: "ஒண்ணும் ஆகாது." ஒப்பீடு: "உங்களைவிட மோசமா இருக்கிறவங்க எத்தனை பேர்." அறிவுரை: "நடைப்பயிற்சி போங்க, மனசு லேசாகும்." பயமுறுத்தல்: "இப்படியே விட்டா காலை எடுக்க வேண்டியிருக்கும்." பேச்சை மாற்றுவது: "சரி, பசி எப்படி இருக்கு?" ஐந்துமே அக்கறையிலிருந்து வருபவைதான். ஐந்துமே பேச்சை நிறுத்திவிடும்.

இவற்றுக்குப் பதிலாக, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. கிளிப்பிள்ளைபோல அதே சொற்களை ஒப்பிப்பதை இப்படி அழைக்க முடியாது. சொன்னதன் அடியில் இருப்பதை எட்டிப் பிடித்து, "இப்படியா?" என்று அவர் முன் வைப்பது. அதே டயாலிசிஸ் நாற்காலிக்குப் போவோம்:

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பாடு? எனக்கு அலுத்துப்போச்சு."

"ரொம்ப நாளாத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. இன்னைக்கு அது ரொம்பக் கனமா இருக்கு."

"இன்னைக்கு மட்டுமில்லை. பேத்தி பள்ளிக்கூட விழா நேத்து. வர முடியலை. எந்த நாளைப் பார்த்தாலும் இந்த நாற்காலிதான்."

"உங்களுக்கு முக்கியமான நாளை எல்லாம் இந்த நாற்காலி எடுத்துக்குது."

அவர் இப்போது அழலாம். அழுகையை நிறுத்த முயலக் கூடாது என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். டிஷ்யூவை அவசரமாக நீட்டுவதுகூடப் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்வதுபோல ஆகிவிடும். பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இந்தப் பேச்சுக்கு ஆன நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை என்பதைக் கடிகாரம் வைத்துக் காட்டுங்கள், ஏனென்றால் "இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நேற்றைய விழாதான் அவருடைய இன்றைய துயரம் என்று இப்போது நர்ஸுக்குத் தெரியும். அடுத்த விழாவுக்கு டயாலிசிஸ் தேதியை மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். ஆனாலும் பேச்சு இதோடு முடிந்துவிடவில்லை. "அலுத்துப்போச்சு" என்பதற்குள் உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று அதே உட்காரலில் கேட்டே ஆக வேண்டும். அது படி 6.

பயிற்சி முறை: மூவர் மூவராகப் பிரியுங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் பணியாளர், ஒருவர் பார்வையாளர். 5 நிமிடம் நடிப்பு, 5 நிமிடம் பேச்சு, பிறகு இடம் மாற்றம். நோயாளியாக நடிப்பவருக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். அதில் அவர் வெளியே சொல்லும் குறை ஒன்றும், நன்றாகக் கேட்கப்பட்டால் மட்டும் சொல்ல வேண்டிய உண்மை ஒன்றும் இருக்கட்டும். "தூக்கம் வரலை" வெளியே. "பாரமா இருக்கேன்னு மருமகள் சொன்னதைக் கேட்டுட்டேன்" உள்ளே. உள்ளே இருப்பது வெளியே வந்ததா என்பதுதான் மதிப்பெண். பார்வையாளர் குறிப்பெடுக்கும்போது கேள்விகளையும் திருப்பிச் சொன்னவற்றையும் தனித்தனியாக எண்ணட்டும். ஊக்க உரையாடலை மதிப்பிடுபவர்கள் ஒரு கேள்விக்கு இரண்டு முறை திருப்பிச் சொல்வதை நல்ல நிலை என்கிறார்கள். முதல்நாள் பெரும்பாலும் ஏழெட்டுக் கேள்விக்கு ஒன்று தேறும். அதைச் சுவரில் எழுதி வையுங்கள், கடைசி நாளில் ஒப்பிட.

தங்களுக்கே நாள்பட்ட நோய் உள்ளவர்களும், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களும் பயிற்சிக்கு வருவார்கள். சீட்டைப் படித்ததும் முகம் மாறும். எந்தச் சீட்டையும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

படி 5: கேள்வித்தாள்கள்

கண்ணால் பார்த்து மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையை உடைக்க வேண்டும். சிரித்துப் பேசுபவர் நம் கண்ணுக்குத் தப்பிவிடுவார். அதனால் குறைந்தது ஒரு கேள்வித்தாளாவது கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு மனச்சோர்வை விசாரிக்கும் பிஹெச்க்யூ-2 என்ற சின்னக் கேள்வித்தாள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்தோ நம்பிக்கையிழந்தோ இருந்ததா என்ற இரண்டே கேள்விகள். மதிப்பெண் 6க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் 9 கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9. அதில் மொத்த மதிப்பெண் 27. 5, 10, 15, 20 என்ற படிகளில் கடுமை ஏறுகிறது. பதற்றத்துக்கு 7 கேள்விகள் கொண்ட ஜிஏடி-7, மொத்தம் 21.

நாள்பட்ட நோயில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிஹெச்க்யூ-9 கேட்கும் களைப்பும் தூக்கமின்மையும் பசியின்மையும் நோயாலேயே வரலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்குக் களைப்பு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்தச் சிக்கலுக்காகவே மருத்துவமனை நோயாளிகளை மனத்தில் வைத்து 1983இல் உடல் குறிகளை ஒதுக்கிவிட்டு 14 கேள்விகளில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள், ஹாட்ஸ் என்பார்கள். எதைப் பயன்படுத்தினாலும், எண்ணை மட்டும் பார்க்காமல் நாட்டமின்மை, தன்னைப் பற்றிய வெறுப்பு, நம்பிக்கையின்மை ஆகியவற்றுக்கு வந்த பதில்களைத் தனியாகப் பார்க்கப் பழக்குங்கள். எந்த அளவுகோலும் நோயைத் தீர்ப்புச் சொல்வதில்லை, பேச்சைத் தொடங்கி வைக்கிறது.

தாளை நீட்டி "நிரப்பிட்டு வைங்க" என்று போய்விடக் கூடாது. பதில் கிடைத்ததும் அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது பேசியே ஆக வேண்டும். பேசப்போவதில்லை என்றால் கேட்காமலே இருப்பது நல்லது.

படி 6: உயிரை விடும் எண்ணம்

பிஹெச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி இதைத்தான் கேட்கிறது, பணியாளர்கள் அதிகம் தாண்டிப்போகும் கேள்வியும் இதுதான். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்கின்றன. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை. நேராகக் கேட்கும்போது பலருக்கும் ஒரு பாரம் இறங்குகிறது.

சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அறையில் ஒவ்வொருவரும், முறை வைத்து, பக்கத்தில் இருப்பவர் கண்ணைப் பார்த்து: "இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்களுக்குச் சில நேரம் செத்துப்போயிடலாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா?" "அப்படியெல்லாம் இல்லையே?" என்று இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பதை அங்கேயே திருத்துங்கள். ஆம் என்று வந்தால் அடுத்த கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா, அதற்கானது கையில் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா, இதுவரை உங்களைத் தடுத்து நிறுத்தியது எது.

நாள்பட்ட நோயில் இரண்டு விஷயங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஒன்று, வழி எப்போதும் வீட்டிலேயே இருக்கிறது, இன்சுலினாகவும் வலி மாத்திரையாகவும். அதனால் மருந்தை யார் வைத்திருப்பது, ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதும் பாதுகாப்புத் திட்டத்தின் பகுதி. இன்னொன்று, சிலர் அதைச் சொல்வதே இல்லை. டயாலிசிஸுக்கு வராமல் இருப்பார்கள், இன்சுலினை நிறுத்திவிடுவார்கள். எல்லா விடுபடலும் சாவை நோக்கியது அல்ல. காசில்லாமல் இருக்கலாம், பக்கவிளைவு தாங்காமல் இருக்கலாம், யோசித்து எடுத்த முடிவாகவும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு விடுபடலையும் திட்டாமல், ஏன் என்று கேட்டாக வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உடனடி ஆபத்து என்றால் அவரைத் தனியாக விடாமல், படி 1இல் எழுதிய பக்கத்தில் உள்ளவரை அழைக்க வேண்டும். பயிற்சி நடக்கும்போதே அந்த எண்ணுக்கு ஒருமுறை உண்மையிலேயே அழைத்துப் பாருங்கள். எடுப்பார்களா என்று அப்போதே தெரியட்டும்.

படி 7: சில உத்திகள், நன்றாக

இங்கேதான் பயிற்சி நடத்துபவர்களுக்கு ஆசை அதிகமாகிவிடும். பத்துப் பன்னிரண்டு முறைகளை ஸ்லைடில் ஓட்டிவிடுவார்கள். மூன்றோ நான்கோ போதும். உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட பிஎம் பிளஸ் என்ற முறை, நிபுணர் அல்லாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதிலும் மனஅழுத்தத்தைக் கையாளுதல், பிரச்சினையைத் தீர்த்தல், மறுபடி செயலில் இறங்குதல், ஆள் துணையைப் பலப்படுத்துதல் என்று நான்குதான், ஐந்து சந்திப்புகளில்.

நாள்பட்ட நோயில் அதிகம் உதவுவது வேகத்தைப் பங்கிடுவது என்பேன். உடம்பு தேவலை என்ற நாளில் ஒரு வாரத்து வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வது, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது: வலியோடும் களைப்போடும் வாழ்பவர்களுக்கு இந்தச் சுழற்சி நன்றாகத் தெரியும். ஒரு வாரம் எதை எவ்வளவு நேரம் செய்தார், பிறகு எப்படி இருந்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். மோசமான நாளிலும் செய்ய முடிந்த அளவை அடிப்படையாக வையுங்கள். வலி வந்தபின் நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தப் பழக்குங்கள். அந்த அளவு நிலைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. சின்ன உழைப்புக்குப் பின்னும் நாட்கணக்கில் உடல் சரிந்துபோகும் நாள்பட்ட களைப்பு நோயில், இப்படிக் கணக்கு வைத்துக் கூட்டும் உடற்பயிற்சித் திட்டத்தைக் கொடுக்கக் கூடாது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 வழிகாட்டுதலில் தெளிவாகவே அப்படிச் சொல்லிவிட்டது.

செயலில் இறங்குதல் மனச்சோர்வுக்கானது. "மனசு சரியானதும் செய்வேன்" என்பதைத் திருப்பிப் போடுவது. சின்னதாக ஒன்று, நாளும் நேரமும் குறித்து. நோயால் பழைய வழி அடைபட்டிருந்தால், அந்த வேலையில் அவருக்கு எது இனித்தது என்று கேளுங்கள். பந்து விளையாட முடியாதவருக்கு விளையாட்டு இனித்ததா, கூட்டாளிகள் இனித்தார்களா? கூட்டாளிகள் என்றால் அதற்கு வேறு வழி உண்டு.

மூச்சுப் பயிற்சியை எல்லோருக்கும் ஒரே மாதிரி கற்றுக்கொடுக்காதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோயில் மூச்சு முட்டுவது பயத்தைக் கூட்டும், பயம் மூச்சை இன்னும் முட்ட வைக்கும். அவர்களுக்கு உதட்டைக் குவித்து மெதுவாக வெளிவிடும் முறை சரி. மூச்சை அடக்கும் முறைகள் வேண்டாம். பிசியோதெரபிஸ்டோடு சேர்ந்து கற்றுக்கொடுங்கள்.

எண்ணங்களோடு வேலை செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். எதிர்மறை எண்ணத்தைத் திருத்த வேண்டும் என்று படித்துவிட்டு வருவார்கள். "என் சிறுநீரகம் இனி திரும்பாது" என்பது திருத்த வேண்டிய எண்ணம் அல்ல, உண்மை. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் "அதனால நான் யாருக்கும் பிரயோஜனமில்லை" என்பதைத்தான் அவரோடு சேர்ந்து பார்க்கலாம். முதல் வாக்கியத்துக்குத் துக்கம்தான் உரிய பதில். அதற்கு இடம் கொடுங்கள். அந்த உண்மையைச் சுமந்துகொண்டே தனக்கு முக்கியமானதை நோக்கி ஓர் அடி வைப்பது எப்படி என்ற கேள்விதான் 1980களிலிருந்து ஸ்டீவன் ஹேய்ஸும் மற்றவர்களும் வளர்த்த ஏற்பும் உறுதியும் சார்ந்த சிகிச்சையின் மையம். முழுச் சிகிச்சையையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் கேட்கத் தெரிந்தாலே பெரிது.

படி 8: குடும்பம்

நோயாளி இருக்கும்போது குடும்பத்தாரிடம் மட்டும் பேசும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்று நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டாவது. மூன்றாவது, பார்த்துக்கொள்பவரிடம் தனியாக ஒருமுறை "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது. பலரிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதே இருக்காது.

படி 9: மேற்பார்வை இல்லாமல் பயிற்சி இல்லை

ஐந்து நாளைத் தொடர்ச்சியாக நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். முதலில் இரண்டு நாள், இரண்டு மூன்று வாரம் வேலையில் முயன்று பார்க்க இடைவெளி, பிறகு இரண்டு நாள், இன்னோர் இடைவெளி, கடைசியாக ஒருநாள். அப்புறம் ஆறு மாதமாவது மேற்பார்வை.

ஊக்க உரையாடலை எப்படிக் கற்றுக்கொடுத்தால் நிலைக்கும் என்று மில்லர் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் 140 பணியாளர்களை வைத்துச் சோதித்தது. பயிலரங்கு மட்டும் கிடைத்தவர்கள் கற்றதில் பலவற்றை மெல்ல இழந்தார்கள். அதன்பின் தங்கள் பேச்சைப் பற்றிய கருத்துரையோ நேரடி வழிகாட்டலோ கிடைத்தவர்கள்தான் தேர்ச்சியைத் தக்கவைத்தார்கள். என் அனுபவமும் இதுதான். முன்பு ஒருமுறை மூன்று நாள் பயிற்சி நடத்திவிட்டு, மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். எல்லோருக்கும் பாடம் நினைவிருந்தது, பேச்சு மட்டும் பழையபடி ஆகியிருந்தது. அவர்களிடம் குறையில்லை, நான் பாதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து பணம் குறைவாக இருந்தால் வகுப்பு நாட்களைக் குறைக்கிறேன், மேற்பார்வையைக் குறைப்பதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து பேர், ஒருமணி நேரம். ஒருவர் தன் உரையாடல் ஒன்றை நோயாளியின் எழுத்து மூலமான ஒப்புதலோடு பதிவு செய்து கொண்டுவர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்க வேண்டாம். முதல் கேள்வி எப்போதும் "எங்கே திணறினீர்கள்?" என்றே இருக்கட்டும். அந்த இடத்தை நிறுத்தி, வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நிர்வாக மேலதிகாரி இந்தக் கூட்டத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் நல்லபடி நடந்த உரையாடல்கள் மட்டுமே வந்து சேரும்.

இந்த நேரம் வேலை நேரத்துக்குள் வர வேண்டும் என்று நிர்வாகத்தோடு முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஷிப்ட் முடிந்தபின் என்றால் இரண்டாவது மாதத்தில் அறை காலியாகிவிடும். பல ஆண்டுகள் பழகிய நோயாளி இறந்துபோகும்போது பணியாளரும் துக்கப்படுவார். அதைச் சொல்லி அழவும் இதே கூட்டத்தில் இடம் இருக்கட்டும்.

படி 10: திறனை அளப்பது

பயிற்சி முடிவில் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று நிரப்பிக் கொடுக்கும் படிவத்தால் எதுவும் தெரியாது. எழுத்துத் தேர்வாலும் அதிகம் தெரியாது. பயிற்சிக்கு முன்னும், முடிவிலும், ஆறு மாதம் கழித்தும் ஒரே மாதிரியான நடிப்புக் காட்சியில் ஒவ்வொருவரையும் பார்த்து மதிப்பிடுங்கள். எனாக்ட் என்ற மதிப்பீட்டுக் கருவி இதற்காகவே உருவானது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2022இல் தொடங்கிய ஈக்விப் என்ற இணையதளத்தில் அதைப்போன்ற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தது, உதவாத பேச்சோடு தீங்கு செய்யும் பேச்சையும் தனியாகக் குறிப்பது. நோயாளியைக் குற்றம் சொல்வது, ரகசியத்தை உடைப்பது, தற்கொலை எண்ணத்தைக் கேட்காமல் கடந்துபோவது ஆகியவற்றில் ஒன்றைச் செய்தாலும், மற்றதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் இன்னும் தயாராகவில்லை.

அப்படிப்பட்டவர்களை வடிகட்டி அனுப்பிவிட வேண்டாம். தேறியவர் ஒருவரோடு சேர்த்து ஒரு மாதம் உட்கார வையுங்கள், பிறகு அதே காட்சியைத் திரும்ப நடத்துங்கள். பலர் இரண்டாவது முறை தேறிவிடுவார்கள். தேறாதவர் நோயாளிகளை உடல் நலத்துக்காகப் பார்ப்பதைத் தொடரட்டும், மனத்துணைப் பணியை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஆறு மாத முடிவில் தேறியவர்களிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்து அடுத்த குழுவின் மேற்பார்வைக் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்றாவது குழு வரும்போது கூட்டத்தை அவர்கள் நடத்தட்டும், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள்.